எட்டாயிரத்து எண்பது

துக்மில் காற்று ஓயாத மாதம்.
எங்கள் சைட் ஆபீஸே ஒரு கன்டெய்னர்தான்:
நாற்பது அடி, ஜன்னலுக்காக இரண்டு இடத்தில் வெட்டியது,
ஒரு ஏசி, அதன் கீழே ஒரு பெயின்ட் வாளி.
அதற்குள் என் லேப்டாப்.
லேப்டாப்புக்குள் இன்னொரு கன்டெய்னர்,
கேம்ப் வைஃபையில் நேற்று ராத்திரி
இரண்டு மணி நேரம் இழுத்து இறக்கியது.

அதற்குள் ஒரு குட்டி லினக்ஸ், ஒரு பிஹெச்பி,
நான் எழுதிய ஒரே ஸ்கிரிப்ட், தொண்ணூற்று நான்கு வரி.
கைரேகை மெஷின் கக்கும் நேரங்களை வாங்கிக்கொண்டு
யாருக்கு எத்தனை மணி ஓவர்டைம் என்று சொன்னால் போதும்.

மஸ்கட் ஆபீஸில் பெரிய சாஃப்ட்வேர் உண்டு.
அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை.
"முதல்ல உன் மெஷின்லயே ஓட்டிக் காட்டு," என்றார் ரெஜிமோன்,
"போன மாசக் கணக்கோட பைசா பிசகாம ஒத்துப்போகணும்."

வெளிப் போர்ட் எட்டாயிரத்து எண்பது,
உள் போர்ட் எண்பது,
நடுவே ஒரு முக்காற்புள்ளி, கதவுக் கீல் மாதிரி.
பிரவுசரில் வெறும் வெள்ளைப் பக்கம்.
ஒரு செமிகோலன் குறைந்திருந்தது. போட்டேன்.
அறுபத்து மூன்று பெயர்கள் வரிசையாக வந்து நின்றன,
காலை பஸ்ஸுக்கு நிற்பதுபோல.

ஒத்துப்போனது.
பைசா பிசகவில்லை.
கத்திவிட்டேன் போல; ஸ்டோரிலிருந்து ஹாரிப் எட்டிப் பார்த்து
"கைர்?" என்றார்.
"கைர், கைர்."

அந்தச் சந்தோஷத்தில்தான் சவரிமுத்துவின் வரியைப் படித்தேன்.
வியாழன் இரவு பத்துக்கு விரல் வைத்திருக்கிறார்.
வெள்ளி காலை ஆறுக்கு விரல் எடுத்திருக்கிறார்.
விடுமுறை நாள், இரட்டைச் சம்பளம்: இரண்டு மணி நேரம்.
நள்ளிரவிலிருந்து ஆறு வரை
எவர் விரலில் எண்ணினாலும் ஆறு.

உள்ளே போய்க் கேட்டேன், மணி என்ன?
என் கையில் மூன்றே கால்.
பதினொன்றே கால் என்றது கன்டெய்னர்.
அதைக் கட்டியவர்கள் எந்த ஊரும் சொல்லி அனுப்பவில்லை.
ஊர் சொல்லாதவைக்கெல்லாம்
உலகம் ஒரு பொதுமணி வைத்திருக்கிறது.
அதன் வெள்ளிக்கிழமை பிறக்கும்போது
நம் வெள்ளிக்கிழமைக்கு நாலு மணி நேர வயது.

ஆக, என் தவறு.
சரி.
என் தவறு மஸ்கட்டின் கணக்கோடு
எப்படிப் பைசா பிசகாமல் ஒத்துப்போகிறது?

வாளியில் ஏசி சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வரி சேர்த்தேன்: ஆசியா, சாய்கோடு, மஸ்கட்.
மறுபடி ஓட்டினேன்.
இப்போது ஒத்துப்போகவில்லை.
சவரிமுத்துவுக்கு ஏழு ரியால் அறுநூற்றெண்பது பைசா கூடுதல்.
மொஃபிசுல் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தான்,
அவனுக்கு ஐந்து எழுநூற்றறுபது.
கைரேகை மெஷின் வந்து பதினோரு மாதம்.
நான் பெருக்கிப் பார்க்கவில்லை.

"ஒத்துப்போகலைன்னா ஸ்கிரிப்ட் தப்பு," என்றது ஃபோன்.
"அழிச்சிட்டுப் புதுசா எழுது."
அழிக்க ஒரே கட்டளை, இரண்டு வினாடி.
சரியான கணக்கு இப்போது இருப்பது
நூற்றிருபத்தேழு, பூஜ்யம், பூஜ்யம், ஒன்றில்.
அதாவது என் மடியில்.
மூன்றடி தள்ளி நிற்கும் ஹாரிப்புக்கும் அங்கே வழி கிடையாது.

மெஸ்ஸில் பருப்பு தீர்ந்திருக்கும்.
கன்டெய்னரை நிறுத்தினேன்.
முன்னால் இருந்த முகவரியை நான்கு பூஜ்யமாக்கி
மறுபடி எழுப்பினேன்.
கேம்ப் வைஃபையில் இருக்கிற எவரும் வரலாம் என்று அர்த்தம்.
துண்டுத் தாளில் லேப்டாப்பின் எண், முக்காற்புள்ளி,
எட்டாயிரத்து எண்பது என்று எழுதி
பஸ் நேரம் ஒட்டுகிற இடத்தில் ஒட்டினேன்.
கையெழுத்து யாருடையது என்று
அறுபத்து மூன்று பேருக்கும் தெரியும்.

கருப்புத் திரை முன் உட்கார்ந்திருக்கிறேன்.
எட்டே முக்கால் வரை ஒன்றுமில்லை.
பிறகு ஒரு வரி விழுந்தது:
யாரோ கேட்டார். இருநூறு. கொடுத்தாயிற்று.
கொஞ்சம் கழித்து இன்னொன்று.
அப்புறம் நான்கு, ஒரே நொடியில்,
துக்ம் நேரப்படி.